அடுத்த அப்டேட்டில் வரும்

சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் சூளை. மும்பையில் எங்கள் பேட்டையான சுனாபட்டிக்குப் பெயர் தந்த அந்தக் காளவாய்களைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. ஸ்வதேசி மில்லின் சங்கு கேட்டு எழுந்தவர்கள் மட்டும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் குர்லா பக்கம் தண்டவாளம் முங்கி ஹார்பர் லைன் நின்றுவிட்டால், சுனாபட்டியில் செய்வதற்கு ஒரு வேலைதான் உண்டு: மொட்டை மாடிக்குப் போய் சாந்தாகுருஸில் இறங்குகிற விமானங்களைப் பார்ப்பது. மேகத்துக்குள்ளிருந்து முதலில் விளக்கு தெரியும், பிறகு வயிறு, பிறகுதான் சத்தம்.

எங்கள் சால் குடியிருப்பில் மாடிக் கோலியில், அதாவது மாடி அறையில், இருக்கிற ஒரு தம்பிக்கு இந்தப் பித்து கொஞ்சம் முற்றியது. அப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறை. இவனுக்கு அனிமேஷன் ஸ்டுடியோ ஒன்றில் வேலை. ராத்திரியில் ஃபிளைட் சிமுலேட்டருக்காக ஜுஹு விமான தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஹேங்கர், வேலி, கடல் பக்கத்துச் சாலை என்று ஒவ்வொன்றாக. "என்னப்பா, ஜுஹு முடிஞ்சுதா?" என்று கேட்டால், "டூல் சரியில்ல அண்ணாச்சி. அடுத்த அப்டேட்ல வருதுன்னு சொல்லியிருக்காங்க" என்பான். மூன்று வருஷமாக இதே பதில். முதலில் சாக்கு என்று நினைத்தேன். விசாரிக்கப் போனபோதுதான், உலகம் முழுக்க ஒரு தொழிலே இந்த வாக்கியத்தின் மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

சிமுலேட்டர் செய்கிற கம்பெனி பூமியையும் வானத்தையும் சில விமானங்களையும் தருகிறது. அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட போயிங் 737-இன் ஒவ்வொரு சுவிட்சும் நிஜம் போல வேலை செய்ய வேண்டும், ஒரு ஊரின் முனையக் கட்டடம் அந்த ஊர்க்காரனுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்றால், அதைச் செய்வது வெளியார். அவர்கள் செய்வதற்கு ஆட்-ஆன் என்று பெயர். அதைச் செய்யக் கம்பெனி கொடுக்கும் கருவி, கையேடு, இணைப்பு வழி எல்லாம் சேர்ந்த மூட்டைக்கு எஸ்டிகே என்று பெயர். தாராவிக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி பேட்டர்ன் அனுப்பாதவரை தோல் இருந்தும் கத்தி இருந்தும் பட்டறை சும்மாதான் கிடக்கும். அனுப்பிய பேட்டர்னைப் பாதியில் மாற்றினால் இன்னும் மோசம், வெட்டிய தோல் வீண்.

இதில் இரண்டாவது துன்பம்தான் பெரியது என்பது என் கட்சி. வெளியார் 'நல்ல கருவி வேண்டும்' என்று கேட்கும்போது நாம் புதிய வசதியைக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறோம். கதையை முதலிலிருந்து பார்த்தால் அவர்கள் அதிகம் தவித்தது ஆடாத கருவிக்காகத்தான்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக், சப்லாஜிக் என்ற தன் சிறு கம்பெனி மூலம் 1980-ஐ ஒட்டி ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு சிமுலேட்டர் செய்தார். கோடுகளால் ஆன மலை, கோடுகளால் ஆன ஓடுபாதை. 1982-இல் மைக்ரோசாஃப்ட் அதை ஐபிஎம் கணினிக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் வெளியாருக்குக் கதவே கிடையாது. ஆசை பிடித்தவர்கள் கோப்புகளை பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்து, எந்த எண் எந்தக் கட்டடம் என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். ஜெர்மானியரான மான்ஃபிரெட் மோல்டன்ஹாவர் செய்த 'ஸ்காஸ்ம்' அப்படிப் பிறந்த நிலக்காட்சிக் கருவி. ஃபிளைட் சிமுலேட்டர் 98-க்கு ஆடம் சோஃப்ரான் ஒரு சிறு நிரல் எழுதினார். ஓடிக்கொண்டிருக்கும் சிமுலேட்டரின் நினைவகத்துக்குள் எட்டிப் பார்த்து, உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று வெளியே வேறொரு நிரலுக்குச் சொல்லும்.

அந்த வழியில் வந்த பீட் டௌசன் என்ற இங்கிலாந்துக்காரரின் 'எஃப்எஸ்யுஐபிசி'தான் இந்தத் துறையின் உண்மையான அடித்தளம். அதன் நுட்பம் எளிமையானது. உயரம் என்றால் இந்த எண்ணில் கேள், வேகம் என்றால் அந்த எண்ணில் கேள் என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் அடுத்த பதிப்பில் உள்ளே எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடும். டௌசன் உட்கார்ந்து, எது எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடித்து, வெளியே அதே பழைய எண்ணை வைத்துக் கொடுப்பார். உள்ளே வீடே மாறினாலும் வாசல் கதவின் எண் மாறாது. அந்த எண்களை நம்பி வீட்டில் காக்பிட் கட்டியவர்கள், பயிற்சிக் கருவி செய்தவர்கள், மெய்நிகர் ஏர்லைன் நடத்தியவர்கள் ஏராளம். தயாரித்த கம்பெனி தராத உத்தரவாதத்தை வெளியே இருந்த ஒரு மனிதர் தந்தார். கம்பெனி தன் சொந்த வாசலை, சிம்கனெக்ட் என்ற பெயரில், 2006-இல்தான் திறந்தது.

நாங்கள் இதையெல்லாம் அறியாமல் லாமிங்டன் ரோட்டில் நடைபாதையில் பரப்பிய சிடிகளை வாங்கி வந்து ஓட்டினோம். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். அசல் ஆட்-ஆன் டாலரில் விற்றது. எங்கள் கையில் டாலரும் இல்லை, அதைக் கட்ட கார்டும் இல்லை. நானும் வாங்கியிருக்கிறேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

2006-இல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ், சுருக்கமாக எஃப்எஸ்எக்ஸ், பதிப்போடு, டீலக்ஸ் தட்டிலேயே எஸ்டிகேயும் வந்தது. 2007-இல் இரண்டு திருத்தத் தொகுப்புகள் வந்தன. 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், அதைச் செய்துவந்த ஏசஸ் ஸ்டுடியோவையே மூடிவிட்டது. திருத்துவதற்கு ஆள் இல்லை, அடுத்த பதிப்புக்கும் வழியில்லை. எல்லாரும் ஒப்பாரி வைத்தார்கள். ஆனால் நடந்தது வேறு. வெளியார் செய்த விமானங்களில் இன்றும் பெரிய பெயரோடு நிற்கும் பல அந்தக் கைவிடப்பட்ட வீட்டில்தான் பிறந்தன. பிஎம்டிஜி என்ற ஆட்-ஆன் கம்பெனியின் 737 என்ஜிஎக்ஸ் 2011-இல் வந்தது, 777 2013-இல் வந்தது. மின்சுற்று, ஹைட்ராலிக், விமானக் கணினி என்று ஒவ்வொரு அமைப்பையும் உள்ளே சொந்தமாக எழுதி வைத்திருந்தார்கள். கம்பெனி புதிதாக எதையும் தரவில்லை. பழையதை அசைக்காமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான். எந்தச் சுவரில் எங்கே ஓட்டை, எந்தப் படியில் கால் வைத்தால் முறியும் என்று ஐந்தாறு வருடத்தில் வெளியாருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இன்று செய்த வேலை நாளையும் ஓடும் என்ற நம்பிக்கை இருந்தால் ஒருவன் மூன்று வருடத் திட்டத்தில் இறங்குவான்.

அசையாமை அமிர்தம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எஃப்எஸ்எக்ஸ் 32-பிட் நிரல். 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைத் தொட அதற்குத் தெரியாது. லண்டனிலிருந்து ஒன்பது மணி நேரம் ஓட்டி வந்து, பம்பாய் விளக்குகள் தெரிய ஆரம்பிக்கும்போது, விமானம், நகரம், மேகம் எல்லாம் சேர்ந்து நினைவகம் நிரம்பி, 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு எல்லாம் போய்விடும். அந்த 'டிங்' கேட்டவர்களுக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். மைக்ரோசாஃப்டிடம் உரிமம் வாங்கி அதே மூலத்திலிருந்து பிரிபேர்3டி செய்த லாக்ஹீட் மார்ட்டின், 2017-இல் 64-பிட்டுக்குப் போனது. அப்போது உள்ளே சொந்த நிரல் ஓட்டிய ஆட்-ஆன்களை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. அசையாத வீடு ஒருநாள் இடிந்தே தீரும். இடிப்பதற்கு முன் எவ்வளவு நாள் அவகாசம் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

தென் கரோலினாவில் ஆஸ்டின் மேயர் தொடங்கிய எக்ஸ்-பிளேன் இந்த விஷயத்தில் கொஞ்சம் நாணயமாக நடந்துகொண்டது என்பேன். பென் சப்னிக், சாண்டி பார்பர் இருவரும் வளர்த்த அதன் பிளகின் முறையில், சிமுலேட்டரின் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மதிப்பு வரும், மாற்றவும் முடியும். கூடவே கொடுத்த 737-ஐ எடுத்து, ஸீபோ என்ற புனைபெயர்க்காரர் தன் பிளகினால் நெருக்கமான நகலாக்கி இலவசமாகவே விநியோகித்தார். 2020-இல் வரைகலையை வல்கன் முறைக்கு மாற்றியபோது எக்ஸ்-பிளேனும் சில பழைய வழிகளை அடைத்தது. ஆனால் அடைக்கப் போகிறோம் என்று நெடுநாள் முன்பே சொல்லிவிட்டு அடைத்தது. குழாயை மூடுமுன் நோட்டீஸ் ஒட்டுகிற முனிசிபாலிட்டி மாதிரி.

இந்தப் பின்னணியோடு 2020 ஆகஸ்ட் 18-க்கு வரலாம். பிரான்சின் போர்தோ நகரத்து அசோபோ ஸ்டுடியோ செய்த புதிய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் அன்று வெளிவந்தது. பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படம், அதிலிருந்து கட்டடங்களை ஊகித்து எழுப்பும் ஆஸ்திரியாவின் பிளாக்‌ஷார்க், சுவிட்சர்லாந்தின் மீட்டியோபுளூ தரும் வானிலை. அழகில் அதற்கு ஈடு அன்றைக்கு எதுவும் இல்லை. வெளியார் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். வீடு புதுசு, சுண்ணாம்பு வாசனை போகவில்லை, அலமாரியில் ஒன்றும் இல்லை. கையேட்டில் பல பக்கம் அரைகுறை. நிலக்காட்சிக் கருவி சிமுலேட்டருக்குள்ளேயே வந்தது, அது நல்ல விஷயம். ஆனால் கட்டட மாதிரிகளை உள்ளே அனுப்ப முதலில் ஆதரிக்கப்பட்டது 3டிஎஸ் மேக்ஸ். அதன் முழு உரிமத்துக்கு ஆண்டுச் சந்தா ஆயிரம் டாலரைத் தாண்டும். பிளெண்டர் இலவசம், ஆனால் பிளெண்டரிலிருந்து அனுப்பும் கருவியைப் பயனர்களேதான் முதலில் எழுதிக்கொண்டார்கள், அதிகாரபூர்வக் கருவி பின்னால் வந்தது. சியாட்டிலில் இது ஒரு சின்ன அசௌகரியம். சுனாபட்டி மாடிக் கோலியில், விமான நிலையம் கட்டலாமா வேண்டாமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது. எங்கள் தம்பியின் மூன்று வருடத்தில் பாதி இங்கேதான் போனது. பிளெண்டர் புதுப் பதிப்பு வந்தால் எக்ஸ்போர்ட்டர் மக்கர் பண்ணும், எக்ஸ்போர்ட்டர் சரியானால் சிமுலேட்டர் மாறியிருக்கும்.

மாறிக்கொண்டேதான் இருந்தது. 2020 ஆகஸ்டுக்கும் 2024 மே மாதத்துக்கும் இடையில் 15 பெரிய சிம் அப்டேட்டுகள். ஒவ்வொன்றும் எதையாவது சீராக்கியது, எதையாவது உடைத்தது. வீட்டில் ஓட்டுபவனுக்கு இது விருந்து. செய்பவனுக்கோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு மாற்றுகிற வாழ்க்கை.

காத்திருப்பின் சின்னமாகவே ஆகிப்போனது வானிலை ரேடார். மும்பைக்காரனுக்கு இதன் அருமை தெரியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட வானத்துக்குள் இறங்குகிற விமானியின் கண், மூக்கு நுனியில் இருக்கும் ரேடார்தான். அது சில டிகிரி அகலமான ஒரு கற்றையை முன்னால் வீசும். மழைத்துளியில் பட்டுத் திரும்புவதை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரையும். கற்றையை மேலே கீழே சாய்க்கலாம். மேலே சாய்த்தால் இடிமேகத்தின் உச்சி, கீழே சாய்த்தால் அதன் வயிறு, இன்னும் சாய்த்தால் தரையே எதிரொலித்துப் படத்தைக் கெடுக்கும். கனமான மழைக்குப் பின்னால் இருக்கும் மழை கற்றைக்குத் தெரியாது. திரையில் அங்கே கறுப்பாக, ஒன்றும் இல்லாதது போல இருக்கும். நம்பிப் போனால் தொலைந்தோம். சாய்க்கவும் மறைவிடத்தைச் சந்தேகிக்கவும் கற்றுக்கொள்வதுதான் ரேடார் பயிற்சி.

இதைச் சிமுலேட்டரில் செய்ய, எந்த இடத்தில் எந்த உயரத்தில் எவ்வளவு மழை என்ற முப்பரிமாணத் தகவலை வெளியாருக்குக் கொடுக்க வேண்டும். தகவல் உள்ளே இருக்கிறது, இல்லாவிட்டால் மேகம் எப்படி வரைய முடியும்? ஆனால் வாசல் வழியே கிடைத்தது கம்பெனியே வரைந்த தட்டையான ஒரு படம். வேண்டுமானால் அதை உங்கள் காக்பிட் திரையில் ஒட்டிக்கொள்ளலாம். சாய்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பிஎம்டிஜி போன்றவர்கள் இதை ஆண்டுக்கணக்கில் வெளிப்படையாகக் கேட்டுவந்தார்கள். அடுத்த அப்டேட்டில், அதற்கடுத்ததில். நூறு டாலர் வரை விற்கிற சில ஆட்-ஆன் விமானங்களைவிட, மழையில் நனைந்துகொண்டு மொட்டை மாடியில் நிற்கிற எனக்கு மும்பை வானம் கூடுதலாகத் தெரிந்த காலம் அது.

ஏன் மூடி வைக்கிறார்கள்? சோம்பல் என்றோ ஆணவம் என்றோ சொல்லிவிட்டுப் போவது எளிது. கம்பெனியின் பக்கத்தில் வலுவான ஒரு நியாயம் இருக்கிறது. எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் ஆட்-ஆன் என்பது உங்கள் கணினியில் கட்டற்று ஓடும் ஒரு நிரல். அது எதையும் தொடலாம். 2018 பிப்ரவரியில் ஃபிளைட் சிம் லேப்ஸ் என்ற கம்பெனியின் ஏ320 நிறுவல் கோப்புக்குள், குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் நிரல் ஒன்று ஒளிந்திருந்ததைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். திருட்டுப் பிரதி ஓட்டுபவரைப் பிடிக்க வைத்தோம் என்றது கம்பெனி. அசல் வாங்கியவர் கணினியிலும் அந்தக் கோப்பு போய் இறங்கியிருந்தது. லாமிங்டன் ரோட்டுப் பழைய பாவி என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. நாங்கள் திருடியதற்காக யாரோ ஒரு நாணயஸ்தன் வீட்டில் சோதனை போட்டிருக்கிறார்கள்.

ஆகவே 2020-இல் அசோபோ வேறு வழி பிடித்தது. வெளியார் எழுதும் நிரல் வெப்அசெம்ப்ளி என்ற மூடிய தொட்டிக்குள் ஓடும், தொட்டிக்கு வெளியே கை நீட்ட முடியாது. எக்ஸ்பாக்ஸுக்கும் போக வேண்டியிருந்தது இன்னொரு காரணம். 2021 ஜூலையில் அங்கேயும் போய்ச் சேர்ந்தது. பாதுகாப்பு என்ற அளவில் சரியான முடிவு, நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் கையைக் கட்டினால் வேண்டியதை ஊட்டிவிட வேண்டும். எட்டி எடுத்துக்கொள்ளும் வழியை அடைத்தவன், எடுக்க வந்த சாமானை வாசலில் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். ரேடார் விஷயத்தில் நடக்காதது இதுதான்.

காத்திருக்காதவர்கள் கதை தனி. ஃபீனிக்ஸ் என்ற குழு 2022 மே மாதம் ஏ320 ஒன்றை வெளியிட்டது. அதன் மூளை சிமுலேட்டருக்குள் இல்லை. விமானக் கணினிகள், ஹைட்ராலிக் எல்லாம் பக்கத்தில் தனி நிரலாக ஓடும். சிமுலேட்டரிடம் வாங்கிக்கொள்வது முக்கியமாக உடலும் காட்சியும். தொட்டி சிறியது என்றால் தொட்டிக்கு வெளியே குடியிருப்பது. கணினிக்குச் சுமைதான், எக்ஸ்பாக்ஸில் இந்த வித்தை நடக்காது, ஆனாலும் சமாளித்துவிட்டார்கள். ஃபிளைபைவயர் குழு, கூடவே வந்த ஏ320நியோவைத் திறந்த மூலமாகத் திருத்த ஆரம்பித்து, நாலு வருடத்தில் ஏ380 வரை போய்விட்டது, அனைத்தும் இலவசம்.

எனக்கு மிகவும் பிடித்தது வொர்க்கிங் டைட்டில் கதை. கூடவே வந்த ஜெட்டின் காக்பிட் கணினிகள் மோசமாக இருக்கின்றன என்று கடுப்பாகித் தாங்களே சரிசெய்து வெளியிட்ட சிலர். 2021-இல் மைக்ரோசாஃப்ட் அவர்களையே ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. வந்தவர்கள் கார்மின் திரைகளை எழுதினார்கள், பிறகு அந்தத் திரைகளை எழுதத் தாங்கள் பயன்படுத்திய சட்டகத்தையே மற்ற வெளியாருக்கும் திறந்துவிட்டார்கள். கருவிக்காகக் காத்துக் கிடந்தவனே கருவி செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இந்தத் துறையில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கையேட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஐனிபில்ட்ஸ் என்ற ஆட்-ஆன் கம்பெனி 2022 நவம்பரில் நாற்பதாம் ஆண்டுப் பதிப்புக்காக ஏ310 செய்து கொடுத்தது, அடுத்த சிமுலேட்டருக்கும் விமானங்கள் செய்தது. வெளியார் சிலர் இப்படி உள்ளாராகும்போது, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது அவர்களுக்கு முதலில் தெரியும். முறைகேடு என்று சொல்லவில்லை. பார்ட்டியோடு தினமும் டீ குடிக்கிற பட்டறைக்கும், தபாலில் ஆர்டர் வாங்குகிற பட்டறைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். சுனாபட்டி தபால் ரகம்.

இந்த வித்தியாசம் வரைபடத்திலேயே தெரிகிறது. 2020 பதிப்பில் கையால் இழைத்துச் செய்த விமான நிலையங்கள் சாதாரணப் பதிப்பில் 30, உயர்ந்த பதிப்பில் 40. பூடானின் பாரோ இருந்தது, நேபாளத்தின் லுக்லா இருந்தது. இந்தியாவிலிருந்து ஒன்றுகூட இல்லை. மலையிடுக்கில் இறங்கினால் சாகசம், சாந்தாகுருஸில் இறங்கினால் அலுவல் என்று நினைத்திருப்பார்கள். மற்ற இடங்களை எந்திரம் ஊகிக்கும். அந்த ஊகம் எப்படி என்பதற்கு மெல்போர்ன் சாட்சி. சிமுலேட்டருக்குத் தகவல் போய்ச் சேர்ந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஒரு மாணவர் 2 மாடி என்று எழுத வேண்டிய இடத்தில் 212 என்று தட்டிவிட, மெல்போர்ன் புறநகர் ஒன்றில் ஒல்லியான ஒரு கோபுரம் வானைக் குத்திக்கொண்டு நின்றது. உலகமே சிரித்தது. தாராவியில் யாரும் சிரிப்பதற்குக்கூட ஒன்றும் நடக்கவில்லை. தகரக் கூரைமேல் தகரக் கூரை, நீலத் தார்ப்பாய், கூரைமேல் தண்ணீர் டிரம், மேலே ஏறும் இரும்பு ஏணி, இதற்கெல்லாம் எந்திரத்தின் கையில் அச்சு இல்லை. 2019 நவம்பரில் திறந்த பிகேசி–சுனாபட்டி மேம்பாலம் மாதிரி ஒன்று தானாக நிமிர்ந்து நிற்காது. யாராவது ஓர் ஆள் உட்கார்ந்து கட்ட வேண்டும், அந்த ஆளிடம் கருவி இருக்க வேண்டும்.

எக்ஸ்-பிளேன் இங்கேயும் வேறு வழி வைத்திருக்கிறது. வேர்ல்டுஎடிட்டர் என்ற இலவசக் கருவியில் யார் வேண்டுமானாலும் தன் ஊர் விமான நிலையத்தை வரைந்து அனுப்பலாம். பரிசோதித்து ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் எல்லாப் பயனருக்கும் அதுவே போய்ச் சேரும். சந்தையும் இல்லை, விலையும் இல்லை. அழகில் இரண்டாம் தரம்தான். ஆனால் இந்தியாவின் சின்னச் சின்ன ஓடுபாதைகளை அங்கே உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலும் அப்படிக் கைவேலை செய்தவர்கள்.

தம்பி ஏன் ஜுஹுவைப் பிடித்தான் என்று கேட்டேன். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து புஸ் மோத் விமானத்தில் தபால் கொண்டுவந்து இறங்கிய மண் அது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். "நம்ம ஊருக்கு முதல் தபால் விமானம் அங்கிருந்துதானே போச்சு" என்றான். இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் குறும்பு. ஜுஹுவும் சாந்தாகுருஸும் அருகருகே, ஓடுபாதைகளும் கிட்டத்தட்ட ஒரே திசை. 1953 ஜூலையில் பிரிட்டிஷ் ஏர்லைனான பிஓஏசியின் காமெட் ஜெட் ஒன்று தப்பாக ஜுஹுவில் இறங்கியது. 1972 செப்டம்பரில் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 அதே தவறைச் செய்து ஓடுபாதையைத் தாண்டிப் போனது. இறங்கும்போது விமானியின் கண் எப்படி ஏமாந்திருக்கும் என்று காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கு ஜுஹு உண்மையாக இருக்க வேண்டும்.

விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பவர்களுக்காக ஒன்று. கோடிக்கணக்கில் விலை போகும், விமானிகள் உரிமத்துக்காக உட்காரும் நிஜ சிமுலேட்டர்களும் இதே வரிசையில்தான் நிற்கின்றன. 737 மேக்ஸ் விபத்துகளுக்குப் பிறகு, 2019 மே மாதம் போயிங் ஒப்புக்கொண்டது: மேக்ஸ் சிமுலேட்டர் மென்பொருளால் சில நிலைமைகளை, குறிப்பாக டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது வரும் பாரத்தை, சரியாகக் காட்ட முடியவில்லை. பயிற்சி மையத்தால் அதைத் தானே திருத்த முடியாது, தயாரிப்பாளர் திருத்தி அனுப்ப வேண்டும். நம் நாட்டில் 2022 ஏப்ரலில் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ, ஸ்பைஸ்ஜெட்டின் 90 விமானிகளை மறுபடி பயிற்சி பெறும்வரை மேக்ஸ் ஓட்டக் கூடாது என்று நிறுத்தியது. அவர்கள் பயின்ற சிமுலேட்டரில் ஸ்டிக் ஷேக்கர், அதாவது விமானம் தூக்கு விசையை இழக்கப் போகிறது என்று கைப்பிடியை நடுங்க வைத்து எச்சரிக்கும் கருவி, சரியாக இயங்கவில்லை. அடுத்த மாதம் 10 லட்சம் ரூபாய் அபராதம். வீட்டு சிமுலேட்டரில் ரேடார் இல்லை என்றால் புலம்பலோடு போகும். இங்கே கைப்பிடி நடுங்காமல் போனால் விமானி தவறான உலகத்தைக் கற்றுக்கொண்டு நிஜ வானத்துக்குப் போவார்.

2024 நவம்பர் 19-இல் அடுத்த பதிப்பு வந்தது. முதல் நாள் சர்வர் நெரிசலில் பலரால் உள்ளேயே போக முடியவில்லை. வெளியார் ஆட்-ஆன் விற்கும் அங்காடியும் அன்று திறக்கவில்லை. வட்டில் இடம் பிடிக்காமல் இருக்க, கூடவே வரும் விமானங்களும் நிலமும் பெரும்பாலும் மேகக் கணினியிலிருந்து ஓடை போல இறங்குகின்றன. பயனருக்கு வசதி. ஆனால் இந்தத் துறையில் வேலை கற்றவர்கள் பலரும் கையேட்டிலிருந்து கற்றவர்கள் இல்லை. கூடவே வந்த விமானத்தின் கோப்புகளைத் திறந்து, இவன் எப்படிச் செய்திருக்கிறான் என்று பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். பட்டறையில் பையன்கள் மேஸ்திரியின் கையைப் பார்த்துக் கற்பது போல. கோப்பு வட்டில் இல்லை என்றால் மேஸ்திரியின் கை திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. புதிய வசதிகளை எண்ணிச் சொல்கிற விமர்சனங்களில் இந்த இழப்பை நான் அதிகம் பார்க்கவில்லை.

என்னிடம் கேட்டால், வெளியாருக்குத் தர வேண்டியதில் முதலிடம் தேதி போட்ட ஒரு வாக்குறுதிக்கு. இந்த வாசல் இத்தனை வருடம் இதே இடத்தில் இருக்கும், மாற்றினால் இத்தனை மாதம் முன்னால் சொல்வோம். அதற்குப் பிறகு முழுசாக எழுதிய கையேடு. ரேடார் மூன்றாவதாகவே வரட்டும். ஒரு பெரிய ஸ்டுடியோ அப்டேட் உடைத்ததை ஒட்ட ஆள் போட்டுவிடும். தனியாளுக்கு ஒவ்வொரு உடைப்பும் ஒரு மாதத்து ராத்திரி.

போன வாரம் மாடிக்குப் போனபோது தம்பி கணினி முன் இல்லை, மொட்டை மாடியில் இருந்தான். 2025 அக்டோபரில் திறந்துவைத்த நவி மும்பை விமான நிலையத்தையும் யாராவது கட்ட வேண்டுமே என்று பேச்சு வந்தது. "முதல்ல ஜுஹுவ முடி" என்றேன். ஹேங்கர்களை மூன்று விதமாகச் சேமித்து வைத்திருக்கிறானாம்: ஒன்று 2020-க்கு, ஒன்று 2024-க்கு, ஒன்று எக்ஸ்-பிளேனுக்கு. "எது நிக்குதோ அதுல ஏத்திக்கலாம் அண்ணாச்சி." கிழக்கே மேகத்துக்குள் ஒரு விளக்கு தெரிந்தது. ஏ320-ஆ 737-ஆ என்று தலைக்கு மேல் வரும் முன்பே சொல்ல வேண்டும், எங்களுக்குள் அது ஒரு பந்தயம். அவன் சத்தத்தை வைத்துச் சொன்னான், நான் விளக்கை வைத்துச் சொன்னேன். மழை வலுத்து இரண்டையும் மறைத்துவிட்டது.